நாலரை டிக்கெட்

ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று சிங்காநல்லூரில் பஸ் ஏறும்போதே கோகிலவாணிக்குத் தோன்றிவிட்டது. டிரைவருக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, இன்றைக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலக் கனத்தன, காலையிலிருந்து எண்பத்திரண்டு காப்பீட்டு விண்ணப்பங்கள், எதில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, எங்கே கையெழுத்து இல்லை, எந்தப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம், அந்த வேலையைப் பார்த்துப் பார்த்து இப்போது எதைக் கண்டாலும் காலிக் கட்டம்தான் கண்ணில் படுகிறது, வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸை மூடினோமா, பஸ்ஸில் ஏறினால் பர்ஸ் இருக்கிறதா, மூடித்தான் இருக்கிறது, பர்ஸும் இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கொக்கி மாட்டிக்கொண்டு இழுக்கும். இன்றைக்கு இழுப்பது கேஸ் இல்லை. புதன்கிழமை. வருகிற புதன்கிழமை வீட்டோடு தீம் பார்க் போகிறார்கள், டிக்கெட்டை இன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குள் போனில் எடுத்துவிட்டால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஏழுக்கு மேல் முழு விலை, எடுத்த டிக்கெட்டை மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ முடியாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. மணி ஐந்து ஐம்பது. பல்லடம் போய்ச் சேர ஒரு மணி நேரம். பெரியவர் நாலு, குழந்தை ஒன்று என்று தட்டி வைத்தாயிற்று, தேதி சரி, கிழமை சரி, கட்டை விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலே நிற்கிறது, அழுத்த வரவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருக்கிறது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு தடவை விட்டுப் பட்டாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்த மே மாதம், ஊட்டி போகலாம் என்று கிளப்பியவளும் அவள்தான், பார்ப்பதற்கு என்னென்ன, எங்கே எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதியவளும் அவள்தான், வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்தி என்பதால் கரண்ட் பில்லிலிருந்து ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது வரைக்கும் போனில் ஆகவேண்டிய காரியம் எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும், அதுவும் அப்படித்தான் விழுந்தது, ஸ்வெட்டர் எழுதினாள், குரங்குக் குல்லா எழுதினாள், வாந்தி மாத்திரை எழுதினாள், எழுதாமல் விட்டது இ-பாஸ். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கேட்டபோது எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள், அவள் போனை எடுத்துத் தட்டத் தட்ட அன்றைக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டது என்றே வந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பா சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினார், மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார், அம்மா கட்டிக்கொண்டு வந்த தக்காளிச் சாதத்தை அந்த வெயிலில் உட்கார்ந்து தின்றார்கள், அக்கா மகள் மிதுலாவுக்கு அப்போது மூன்று வயது, குல்லாயைக் கழற்றமாட்டேன் என்று வேர்த்து ஒழுக ஒழுகத் தின்றது, "போச்சாது போ, மலையத்தான் கீழிருந்து பாத்துட்டமல்ல," என்றாள் அம்மா. அன்றிலிருந்து அக்கா வீட்டுக்காரர் பூபதி மாமாவுக்கு அவள் பெயர் ஈ-பாஸு. "ஏனம்மிணி ஈ-பாஸு, இந்த வாட்டியாச்சும் உள்ள உடுவாங்களா, இல்ல வெளிய நின்னு தண்ணி சத்தத்தக் கேட்டுட்டு வரோணுமா?" போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய் நோட்டை எடுத்து மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து பார்த்தாள். இந்தத் தடவை ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. வேறு எதுவும் வேண்டாம், கம்பெனியில் கொடுத்த முதல் போனஸ் இதில் போகட்டும், எல்லாரும் உள்ளே போய் நனைந்து சிரித்துத் திரும்பி வந்தால் போதும், ஒருத்தர் முகமும் அன்றைக்குச் சோதனைச் சாவடியில் இருந்த மாதிரி ஆகக் கூடாது.

ஒண்டிப்புதூரில் பஸ் நிறைந்தது, ஒரு டிபன் கேரியர் அவள் தோளில் வந்து இடித்தது, இடித்தபடியே நின்றது. புதன்கிழமை என்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிறு விலையும் கூட, கூட்டமும் கூட, ஒரு சறுக்கலுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கவேண்டும், வார நாள் என்றால் மாமாவுக்குத் தறி, விசைத்தறி ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையே பாதி நாள் போய்விடும், மற்ற நாளில் ஏது லீவு, யோசித்து யோசித்துக் கடைசியில் அவளுக்குத்தான் பொறி தட்டியது, மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும், அன்றைக்குத் தறி எப்படி ஓடும், ஆக கரண்ட் நிற்கிற நாள்தான் இவர்களுக்குத் தீம் பார்க் போகிற நாள், அந்த அறிவிப்புக்காகத் தினமும் பேப்பரைப் பார்த்து, நேற்றுத்தான் வந்தது, புதன், அவர்கள் ஊர்ப் பெயரும் போட்டிருந்தது. நின்றால் நல்லது. சில மாதம் அறிவித்துவிட்டுத் தள்ளிப்போடுவதும் உண்டு, தள்ளிப்போட்டால் மாமா வரமுடியாது, மாமா இல்லாமல் அக்கா வரமாட்டாள், டிக்கெட் திரும்பாது. யோசிக்காதே. அம்மாவின் துணி வாங்கியாயிற்றா, வாங்கியாயிற்று. சேலை கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கவிடமாட்டார்கள், பருத்தியும் கூடாது, நைலான்தான் என்று சொன்னபோது அம்மா, "அப்பிடீன்னா நான் கரையில நின்னுக்கறேன் போ, அம்பது வயசுல சுடிதாரு மாட்டீட்டுப் போனா பாக்கறவன் சிரிக்கமாட்டானா," என்றாள், அக்கா சுகந்தி, "அங்க வர்றவளுக எல்லாம் உன்னயாட்ட அம்பது வயசுக்காரிகதாம்மா, ஆரு ஆரப் பாத்துச் சிரிக்கறது," என்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தாள், பழுப்பு நிறத்தில் ஒன்று எடுத்தாயிற்று, அம்மா அதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள், யாரும் இல்லாத நேரம் எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடி பார்ப்பதை வாணி ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். மிதுலாவைக் கதவில் சாய்த்து நிறுத்தி அளந்தாயிற்று, தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே இல்லை, குழந்தை நூற்று ஒன்று, "கொஞ்சம் குனிஞ்சு நின்னுக்கடி தங்கம்," என்று அக்கா அதற்கு இப்போதே சொல்லிக்கொடுக்க, வேண்டாம் அக்கா, அரை டிக்கெட் எடுத்துக்கலாம் என்று வாணிதான் தடுத்தாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னதற்கும் குடும்ப விஷயமாக என்றுதான் எழுதினாள், பொய் சொன்னால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. ஆக நாலரை. அரை டிக்கெட் மிது, அக்கா, மாமா, அம்மா, அவள். எத்தனை தடவை எண்ணினாலும் நாலரை. விரல் பொத்தானுக்கு மேலே போயிற்று. அதற்குள் பக்கம் தானாக மங்கி, உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் தொடங்கவும் என்றது.

மீண்டும் தொடங்கவும். தேதி, கிழமை, பெரியவர், குழந்தை. சூலூர் வரப்போகிறது. டிரைவர் ஒரு கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுகையால் பஸ்ஸை ஒடித்தார், கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு நனைந்து கறுத்திருந்தது, எல்லா டிரைவருக்கும் கழுத்து ஒரே மாதிரிதான் இருக்கிறது, அப்பாவுக்கும் அதே மூன்று மடிப்பு. அப்பா நாச்சிமுத்து இருபத்தாறு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், முதலாளி வண்டிதான், புதன்கிழமை வேறு ஓட்டம் இல்லை, டீசல் மட்டும் போட்டுக்கொண்டு போ நாச்சிமுத்து என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அதனால்தான் இந்தப் பயணமே கைக்குள் அடங்கியது, வேன் வாடகை கொடுத்துப் போவதென்றால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. வண்டி மட்டுமா, யோசனையெல்லாமே அப்பாவுடையதுதான், நோட்டில் அவள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி அவர் வாயிலிருந்து வந்தது, வண்டி துடைத்துக்கொண்டே, சோறு தின்றுகொண்டே, நினைவு வந்தபோதெல்லாம் சொல்லுவார். "பத்தரைக்குக் கேட்டு தொறப்பான் கண்ணு. தொறந்த ஒடனே எல்லாரும் எடது பக்கமா ஓடுவாங்க, கண்ணுக்குத் தெரியறது அதுதான். நீங்க வலது பக்கமாக் கடேசிக்குப் போயிருங்க. அங்கிருந்து திரும்பி வந்தா வரிசையே இருக்காது." "அலையடிக்கிற கொளம் ஒண்ணு இருக்குது, சங்கு ஊதுனாத்தான் அலை வரும், பன்னண்டுக்கு ஒருக்கா, மூணுக்கு ஒருக்கா." "சோத்தத் தின்னுபோட்டுச் சுத்தறதுல ஏறப்படாது. போன வருசம் ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்க எட்டுப் பேரு, எட்டுப் பேரும் வரிசையா வண்டிக்குள்ள வாந்தி, அவனாசி வரைக்கும் நிறுத்தி நிறுத்திக் கழுவுனேன்." சாப்பாட்டுக்கும் வழி சொன்னவர் அவர்தான், வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், உள்ளே வாங்கித் தின்றால் கட்டுப்படி ஆகாது, ஆனால் கையில் ஒரு முத்திரை குத்திக்கொண்டு மத்தியானம் வெளியே வந்து திரும்பப் போகலாம், "பார்க்கிங்குல வடக்கோரம் ஒரு வேப்பமரம், ஒம்பது மணிக்கே போனா அந்த எடம் புடிச்சுறலாம், ஒரு மணிக்கு நீங்க வெளிய வாங்க, நான் பாய விரிச்சு எல்லாத்தையும் எடுத்து வெச்சர்றேன், நெழல்ல உக்காந்து திருப்தியாத் தின்னுபோட்டு மறுக்கா உள்ள போங்க." அவ்வளவு தெளிவாக எந்த வெப்சைட்டிலும் போட்டிருக்கவில்லை. மூன்று வாரமாக அவள் தூக்கமில்லாமல் தேடியதெல்லாம் அப்பாவிடம் ஏற்கெனவே இருந்தது, போட்டிங் எங்கே, துணி மாற்றுகிற இடம் எங்கே, குடிதண்ணீர் எங்கே சில்லென்று வரும். நோட்டில் ஒரு வரி: ஒரு மணி, வேப்பமரம், சாப்பாடு, ஆறு டப்பா. நல்ல திட்டம்தான். எதுவும் விட்டுப்போகவில்லை.

சூலூரில் இறங்கினவர்களைவிட ஏறினவர்கள் அதிகம். டிபன் கேரியர் இறங்கிவிட்டது, அந்த இடத்தில் ஒரு அம்மாள் வந்து தூங்கும் பிள்ளையோடு சாய்ந்து நின்றாள், வாணி கொஞ்சம் ஒதுங்கிப் பிள்ளையின் காலைத் தன் பைமேல் வைத்துக்கொண்டாள். ஈரத் தலை வாசனை. எட்டாவது படிக்கும்போது அவள் அந்தத் தீம் பார்க்குக்குப் போயிருக்கிறாள், பள்ளிக்கூடத்திலிருந்து, அப்பா வண்டியிலேயே, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து. என்ன ஆடினாள், எதில் ஏறினாள் என்பதெல்லாம் ஒன்றும் ஞாபகமில்லை, காதுக்குள் போன தண்ணீர் இரண்டு நாள் வரவில்லை என்பது ஞாபகம், சாயங்காலம் எல்லாரும் நனைந்த தலையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா பின்சீட்டிலிருந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தது ஞாபகம். தலை எண்ணாமல் அவர் சாவி போடமாட்டார். எப்போதும் கடைசிச் சீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார், முன்னாலிருந்து எண்ணினால் பின்னால் இருக்கிறது குனிந்து விளையாடும் என்பார், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவானிசாகர் அணையில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு சத்தியமங்கலம் வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பார்த்தால் அது பலூன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்ததாம். அன்றைக்கு மூன்றாவது சீட்டிலிருந்து அவளும் கூடவே எண்ணினாள். "எத்தன கண்ணு?" "இருவத்திரண்டுங்ப்பா." "இருவத்தொண்ணு. நல்லா எண்ணு." "உங்களச் சேத்துத்தானுங்க இருவத்திரண்டு." அப்பா குனிந்து அவள் காதருகே சொன்னார், மற்ற பிள்ளைகள் கேட்டால் கூச்சம் என்பதுபோல, "ஓட்டறவன எண்ணப்படாது கண்ணு. எண்ணுனயின்னா ஒரு புள்ள கொறஞ்சாலும் கணக்கு சரியா வந்துரும்." என்ன ஒரு புத்தி என்று அன்றைக்கு அவளுக்கு இருந்தது. அப்புறம் அவள் எங்கே போனாலும் அப்படித்தான் எண்ணுவாள், காலேஜ் டூரில், கல்யாணப் பந்தியில், பின்னாலிருந்து, அரை, ஒன்று, இரண்டு.

காரணம்பேட்டையில் பஸ் ஓரமாக நின்றது. பஸ் முதலாளியின் ஆள் யாரோ செக்கிங் ஏறப்போகிறார் என்று கண்டக்டர் பரபரத்தார், டிக்கெட் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாகப் பென்சிலை நீட்டி நீட்டி முன்னால் வந்தார், "அம்மிணி கொஞ்சம் தலையத் தூக்குங்க, அண்ணா உக்காருங்கண்ணா கணக்குத் தப்புது," அவள் தலைமேல் பென்சில் ஒரு நொடி நின்றது, தூங்கும் பிள்ளையைத் தாண்டியது, இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பையனைத் தொட்டது, "நாப்பத்தொம்போது! சரியா இருக்குதுண்ணா," என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். டிரைவர் திரும்பாமலே தலையாட்டினார். நாற்பத்தொன்பது. அவரையும் இவரையும் சேர்த்தால் இந்தப் பஸ்ஸுக்குள் ஐம்பத்தொரு பேர் மூச்சு விடுகிறோம் என்று சும்மா ஒரு நினைப்பு வந்தது, சும்மாதான், ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார், நெருப்புப் பொறி பறந்தது, ஓட்டறவன எண்ணப்படாது, அரை டிக்கெட் மிது, அக்கா ஒன்று, மாமா இரண்டு, அம்மா மூன்று, நான் நாலு. நான் நாலு. நோட்டைத் திறந்தாள். ஆறு டப்பா. சோற்றுக்கு ஆறு, டிக்கெட்டுக்கு நாலரை. மூன்று வாரமாக, காலையிலும் மாலையிலும் எண்ணி, இருபது தடவை எண்ணி, அப்பாவை எண்ணவே இல்லை. காசைக் குறைப்பதற்காக விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஒரு முடிவு, இது அப்படி இல்லை, தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. "மொத்தம் எத்தன டிக்கெட்டு?" என்று மாமா கேட்டார், நாலரை என்றாள், "நாலரையா, செரி," என்று அம்மா சொன்னாள், அக்கா சொன்னாள், போன ஞாயிறு தோசையைப் பிய்த்துக்கொண்டே அப்பாவும் சொன்னார், நாலரைதான கண்ணு, ஆன்லைன்ல எடுத்தா கொறையும். தீம் பார்க் என்றால் அப்பா அறியாததா என்றே எல்லாரும் நினைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லுகிறாரே. வலது பக்கமாகக் கடைசிக்குப் போ என்கிறவருக்கு எப்படித் தெரியும்? திரும்புகிற வழியில் பிள்ளைகள் பேசிக்கொண்டு வருமே, இருபத்தாறு வருஷமாகப் பின்னாலிருந்து பேசிப் பேசி, அந்தச் சத்தம்தான் அவருக்குத் தீம் பார்க். அவள் நோட்டில் எழுதி வைத்திருப்பது அதைத்தான். பஸ் கிளம்பியது. மணி ஆறு முப்பத்தெட்டு.

பேசத் தெம்பில்லை, ஆனாலும் அப்பாவுக்குப் போன் போட்டாள், மூன்றாவது மணியில் எடுத்தார், பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "சொல்லு கண்ணு, பஸ்ஸு எங்க வருது?" "காரணம்பேட்டைங்ப்பா. என்ன பண்றீங்க?" "வண்டியக் கழுவிட்டு இருக்கறேன், புதங்கிழமைக்கு. டிக்கெட்டு எடுத்துட்டயா?" இல்லை என்றாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பக்கத்து அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், "அப்பா, உங்களுக்கும் எடுத்தர்றனுங்ப்பா," என்று பொத்தென்று போட்டாள். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது, குழாயை மூடியிருக்கிறார். "எனக்கெதுக்கு? நான் எத்தனவாட்டி போயிருக்கறேன்." "உள்ள எத்தனவாட்டிங்ப்பா போயிருக்கீங்க?" அவர் சிரித்தார். "ஒருவாட்டி போயிருக்கறேன். ஒரு புள்ளைக்குக் கையில அடின்னு டீச்சரு கூப்புட்டு உட்டாங்க, மருந்து கட்டற ரூம் வரைக்கும் போனேன். கேட்டுத் தாண்டுன ஒடனே வலது பக்கம் இருக்குது. அதையும் எழுதிக்க, பாப்பா கீப்பா உழுந்துட்டான்னா." எழுதிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. "நான் வந்துட்டன்னா வண்டிய ஆரு பாக்கறது? மொதலாளி வண்டி கண்ணு. அங்க டிரைவருக்குச் சோத்து டோக்கனே குடுப்பான், தெரியுமா, நம்ம டப்பாவுல ஒண்ணு மிச்சந்தான்." "பூட்டிட்டு வாங்கங்ப்பா. எல்லாரும் பூட்டிட்டுத்தான் வர்றாங்க." "நான் கரையில நிக்கறன்னு தெரிஞ்சா உங்கம்மா அந்தச் சுடிதாரப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ளயே எறங்கமாட்டா, வெக்கப்பட்டுட்டு. அவ ஒருநா நனையட்டுமே." சுடிதார் ஒளித்து வைத்திருப்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பஸ் டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார், போனுக்குள் அது கேட்டதும் அப்பா, "லாரிக்காரன் மறிக்கறானாட்ட இருக்குது," என்றார், பேச்சு அத்தோடு முடிந்ததுபோல. "வேண்டாங் கண்ணு. அந்தக் காசுக்குப் பாப்பாவுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு. வெச்சரட்டா?" வைத்துவிட்டார்.

வேண்டாம் என்றுவிட்டார். வேண்டாம் என்பவருக்கு எடுத்து, அவர் புதன்கிழமை காலையில் வேப்பமரத்தடியிலேயே சாய்ந்துகொண்டால் என்ன செய்வது, கையைப் பிடித்தா இழுக்க முடியும், அந்தக் காசு போனது போனதுதான், சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறான். திரும்பி வரும்போது எல்லாரும் ஒரு நல்ல ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று போனஸில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள், யாருக்கும் சொல்லவில்லை, அதுதான் இதற்குப் போகும். போகட்டும். காசு அல்ல பிரச்சினை. ஒருவேளை அவருக்கு உண்மையிலேயே வேண்டாமோ என்னவோ, இருபத்தாறு வருஷம் கழித்துப் போய், அரை டிராயர் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத கூட்டத்தில், அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டியிருப்பதைத்தான் இவர்கள் பார்த்திருக்கிறார்கள், தண்ணீரில் கூசி நின்றால் என்ன செய்வது, உள்ளே வந்தும் கரையில் நின்று எங்கள் தலையை எண்ணிக்கொண்டிருந்தால் என்ன செய்வது. கல்லாற்றில் வண்டியைத் திருப்பியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. எல்லார் முகமும் இருக்கிறது, குல்லாயோடு மிது, உதட்டைக் கடித்தபடி அக்கா, மாமா, அம்மா, அப்பாவுக்குப் பின்கழுத்துத்தான் இருக்கிறது, மூன்று மடிப்பு. எங்கே போன ஞாபகத்தை எடுத்தாலும் அவருக்குப் பின்கழுத்துத்தான். பக்கம் மறுபடியும் மங்கி உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மீண்டும் தொடங்கவும். தேதி புதன். குழந்தை ஒன்று. பெரியவர் என்ற இடத்தில் கூட்டல் குறியைத் தொட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, பல்லடத்து வளைவில் பஸ் சாய்ந்தது, தூங்கும் பிள்ளையின் கால் அவள் கைமேல் வந்து விழுந்தது, அதை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு தடவை தொட்டாள். ஐந்து. சரியா தப்பா என்று தெரியவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று அவள் பார்க்கவும் இல்லை, பச்சைப் பொத்தானை அழுத்தினாள், மணி ஆறு ஐம்பத்திரண்டு, வட்டம் சுற்றிச் சுற்றி, நன்றி என்று வந்தது.

இறங்கிப் பஸ் நிலையத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, அசதிதான் வந்தது. டிக்கெட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். ஐந்து பெரியவர், ஒரு குழந்தை. முதலில் மாமாதான் பார்த்தார், பார்த்த உடனே, ஏனம்மிணி ஈ-பாஸு, ஒண்ணு எச்சாப் போட்டுட்டயாட்ட இருக்குது என்று வந்தது. எச்சு இல்லீங்க மாமா, அப்பாவுக்கு, என்று எழுதினாள். மாமா பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. அக்கா பார்த்தாள். அப்பாவும் பார்த்துவிட்டார். மூன்று பேரும் என்னத்தை யோசிக்கிறார்களோ. ஒரு டவுன் பஸ் வந்து போனது, ஏறவேண்டிய பஸ்தான், ஏறவில்லை. கோபித்துக்கொண்டாரா. சொல்லச் சொல்லக் கேட்காமல் எடுத்துவிட்டாள் என்று. இனி எதையும் மாற்ற முடியாது. போன் அடித்தது. அப்பா. "கண்ணு," என்றார், எங்கேயோ தள்ளிப் போய் நின்று பேசுகிற மாதிரி. "சொல்லுங்ப்பா." "இல்ல, ஒண்ணு கேக்கோணும். தண்ணிக்குள்ள எறங்கறப்ப வண்டிச் சாவிய எங்க வெக்கறது?" வழி சொன்னவர், சங்கு ஊதுகிற நேரம் சொன்னவர், குடிதண்ணீர் சில்லென்று வருகிற இடம் சொன்னவர், இதை மட்டும் எந்தப் பிள்ளையும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுகளிடம் ஏது சாவி. "உள்ள லாக்கர் இருக்குதுங்ப்பா. அதுல வெச்சுப் பூட்டிக்கலாம்." "அந்த லாக்கர் சாவிய?" "ரப்பர்ப் பட்டையில மாட்டிக் குடுப்பாங்களாம், கையில கட்டிக்கலாம்." அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "தண்ணிக்குள்ள கழண்டுராதா?" கழண்டுராது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளும் அதைக் கட்டிப் பார்த்ததில்லை, எட்டாவதில் எல்லாவற்றையும் டீச்சர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். "தெரியலீங்ப்பா," என்றாள். "கட்டிப் பாத்தாத்தான் தெரியும்." அந்தப் பக்கம் குழாய் மறுபடி திறந்தது, பக்கெட்டில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"செரி," என்றார் அப்பா. "கட்டிப் பாப்பம்."